மண்சட்டி, எவர்சில்வர், நான்ஸ்டிக், ஈயச்சொம்பு... வீட்டுச் சமையலுக்கு எதை வாங்கலாம்? எதைத் தொடவே கூடாது?

புதுசா குடித்தனம் வைக்கிறவங்க முதல்ல ஏறி இறங்குற கடை பாத்திரக்கடைதான். "12 பாத்திரம் ஒரே செட், இன்னைக்கு மட்டும்தான் இந்த விலை" என்று கடைக்காரர் சொல்வார். வாங்கி வந்த பிறகுதான் தெரியும், தினமும் கையில் எடுப்பது அதில் 4 மட்டுமே. மீதி எட்டும் பரணுக்குப் போய்விடும்.

காசு வீணாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாம் சாப்பிடும் புளிக்குழம்பிலும் ரசத்திலும் பாத்திரத்தின் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கலாம். இரும்பு இறங்கினால் பெரிய கவலை இல்லை. காரீயம் இறங்கினால் அது குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

அப்படின்னா எந்தப் பாத்திரம் நல்லது? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"செராமிக்னா மண்ணுதானே?" - செராமிக் ஊரிலேயே இருக்கும் குழப்பம்

கடலூர் மாவட்டம் திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் இருப்பவர்களுக்கு 'செராமிக்' என்பது புதிய வார்த்தை கிடையாது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் படிக்க அரசுப் பயிலகமும் அங்கே இருக்கிறது. மின்சார ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை, அகல் விளக்கு என்று பல பொருட்கள் இங்கே தயாராகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது.

ஆனால் இதே பகுதியிலேயே பலர் 'செராமிக் தவா' வாங்கும்போது, அது மண்ணால் செய்தது என்று நினைத்து வாங்குகிறார்கள். உண்மையில் 'செராமிக்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருட்கள் கடையில் இருக்கின்றன.

முதலாவது, மண்சட்டி. களிமண்ணை வனைந்து, சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டது. நுண்ணிய துளைகள் நிறைந்தது. அதனால்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது.

இரண்டாவது, பீங்கான். வெள்ளைக் களிமண்ணோடு வேறு கனிமங்களைச் சேர்த்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, மேலே கண்ணாடி போன்ற பூச்சு கொடுத்தது. துளைகள் கிட்டத்தட்ட இருக்காது. ஊறுகாய் ஜாடி, டீ கப், தட்டு எல்லாம் இந்த வகை.

மூன்றாவது, 'செராமிக் கோட்டிங்' தவா, கடாய். இது மண்பாண்டமே கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் அலுமினியம். அதன்மேல் மணலில் இருக்கும் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட மெல்லிய பூச்சு. அவ்வளவுதான்.

இந்த மூன்றுக்கும் பயன்பாடு வேறு வேறு. மண்சட்டியை அடுப்பில் ஏற்றலாம். சாதாரண பீங்கான் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டு உடைந்துவிடும். காரணம் எளிமையானது. சூடு ஏறும்போது அடிப்பக்கம் முதலில் விரியும், மேல்பக்கம் மெதுவாக விரியும். மண்சட்டியில் இருக்கும் துளைகள் அந்த இழுவையைத் தாங்கிக்கொள்ளும். இறுகிய பீங்கானால் அது முடியாது. எனவே பீங்கான் பரிமாறவும், ஊறுகாய், உப்பு, புளி போட்டு வைக்கவும் மட்டும்தான்.

மண்சட்டி: நல்லதுதான், ஆனா பார்த்து வாங்கணும்

ஐ.சி.எம்.ஆர். அமைப்பின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024-ம் ஆண்டு இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சமையலுக்கு மண்பாண்டங்கள் பாதுகாப்பானவை என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. எண்ணெய் குறைவாகத் தேவைப்படும், உணவின் சத்தும் காக்கப்படும் என்பதும் அதில் இருந்தது.

மீன்குழம்பு, வத்தக்குழம்பு, கீரைக்கு மண்சட்டிதான் சரி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. மண் புளியோடு உலோகம் மாதிரி வினை புரியாது. சூட்டை நீண்ட நேரம் பிடித்து வைக்கும். குழம்பு கொதித்த பிறகு அடுப்பை அணைத்தாலும் சில நிமிடங்கள் கொதித்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் 'மண்' என்று சொன்னாலே எல்லாம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்.

* தட்டிப் பாருங்கள். விரலால் சுண்டினால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். 'தொப்' என்று அடைத்த மாதிரி வந்தால் விரிசல் இருக்கலாம், அல்லது சரியாக வேகாத சட்டியாக இருக்கலாம்.

* பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். குறைந்த சூட்டிலேயே பளபளப்பு வர சில மேல்பூச்சுகளில் காரீயம் கலப்பது உலகின் பல பகுதிகளில் உள்ள பழைய வழக்கம். அப்படிப்பட்ட பூச்சில் புளி, தக்காளி பட்டால் காரீயம் உணவில் இறங்கும். அடுப்புக்கு வாங்கும் சட்டி, உள்ளே பூச்சு இல்லாத சாதா சட்டியாக இருப்பதே நல்லது.

* கறுப்புச் சட்டியைத் துடைத்துப் பாருங்கள். சூளையில் காற்றை அடைத்துப் புகையில் சுட்டால் சட்டி இயற்கையாகவே கறுக்கும். பெயின்ட், பாலிஷ் அடித்தும் கறுப்பாக்குவார்கள். ஈரத்துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். நிறம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தச் சட்டி வேண்டாம்.

* அலங்காரத்துக்குச் செய்தது வேறு, சமையலுக்குச் செய்தது வேறு. "இதுல சமைக்கலாமா?" என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வந்ததும் ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு வடிகஞ்சி ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவிட வேண்டும். கஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து துளைகளை அடைத்துக்கொள்ளும். இதைத்தான் 'சட்டியைப் பழக்குறது' என்பார்கள். கழுவும்போது சோப்பு வேண்டாம், துளைகளுக்குள் இறங்கிவிடும். சாம்பல், கடலை மாவு, சீயக்காய் போதும். சூடான சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள். இண்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி வேலை செய்யாது.

எவர்சில்வர்: காந்தம் ஒட்டினா மட்டமா?

தினசரிச் சமையலுக்கு எவர்சில்வர் என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நம்பகமானது. புளி பட்டாலும் பெரிதாக வினை புரியாது. சோறு வடிக்கலாம், சாம்பார் வைக்கலாம், மிச்சத்தை அதிலேயே எடுத்தும் வைக்கலாம்.

கடையில் 304, 202, 430 என்று எண்கள் சொல்வார்கள். அவை ஸ்டீலின் ரகம். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். இதைத்தான் '18/8' என்றும் போடுவார்கள். துருவை நன்றாகத் தாங்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உப்பையும் புளியையும் தாங்கும் திறனும் குறைவு. 430 ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது.

காந்தத்தை வைத்துப் பார்த்து, "ஒட்டலை, அப்போ நல்ல ஸ்டீல்" என்று முடிவு செய்பவர்கள் நிறைய பேர். இது பாதி உண்மைதான். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, சரி. ஆனால் 202 ரகத்திலும் ஒட்டாது. எனவே காந்தச் சோதனையால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. இன்னொரு பக்கம், இண்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம்தான் தேவை. அங்கே காந்தம் ஒட்டினால் அது குறை கிடையாது.

எவர்சில்வரின் ஒரே பெரிய குறை, அடிபிடிப்பது. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கொதிக்கும், ஓரம் ஆறிக் கிடக்கும். பால் அடிபிடிப்பது இதனால்தான். இதற்குத் தீர்வாகத்தான் இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே அலுமினியத்தை வைத்து 'ட்ரை-பிளை' பாத்திரம் செய்கிறார்கள். வாங்க வசதி இருந்தால் ஒரே ஒரு கடாய் மட்டும் இந்த வகையில் வாங்கினால் போதும். இல்லாவிட்டால் அடி கனமான சாதா எவர்சில்வரே போதுமானது.

இரும்பு: தோசைக்கல் அதுவே போதும்

தோசைக்கல், பணியாரக்கல், வாணலி மூன்றுக்கும் இரும்பை மிஞ்ச எதுவும் இல்லை. ஒருமுறை வாங்கினால் அடுத்த தலைமுறைக்கும் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் கொஞ்சம் இரும்பு கூடுவது உண்மை. ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்கு அது மாற்று கிடையாது.

புது இரும்புக் கல்லை நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் காயவைத்து, எண்ணெய் தடவி, மெல்லிய தீயில் சில முறை சூடாக்கி ஆறவிட வேண்டும். எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு கறுப்புப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதுதான் இரும்பின் இயற்கையான 'நான்ஸ்டிக்'. புளிக்குழம்பை இதில் கொதிக்கவிட்டால் அந்தப் படலம் போய்விடும், குழம்பும் கறுத்துவிடும். எதைச் சமைத்தாலும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நான்ஸ்டிக்: பயப்படணுமா?

சாதாரண நான்ஸ்டிக் பூச்சு என்பது டெஃப்லான் என்ற பெயரில் பிரபலமான பி.டி.எஃப்.இ. என்ற பொருள். 1938-ல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பூச்சைத் தயாரிக்க முன்பு பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். சர்ச்சை முழுவதும் இந்த ரசாயனத்தைச் சுற்றித்தான். 2023-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கைவிடத் தொடங்கிவிட்டன.

இப்போதைய நான்ஸ்டிக்கில் கவனிக்க வேண்டியது சூடு. சுமார் 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும். அந்தப் புகை கூண்டுப் பறவைகளைக் கொல்லும் அளவுக்கு மோசமானது. மனிதர்களுக்குக் காய்ச்சல் போன்ற உபாதையைக் கொடுக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்னும் கடுமையாக, 170 டிகிரிக்கு மேல் போனாலே ஆபத்து என்று எச்சரிக்கிறது. வெறும் கடாயைப் பெரிய தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போனால், சில நிமிடங்களில் இந்தச் சூட்டை அது தாண்டிவிடும்.

எனவே நான்ஸ்டிக் வைத்திருப்பவர்கள் வெறும் பாத்திரத்தைச் சூடாக்காதீர்கள். மிதமான தீ போதும். மரக்கரண்டி பயன்படுத்துங்கள். பூச்சு உரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

'கிரானைட் கோட்டிங்' என்பதும் பெரும்பாலும் இதே கதைதான். கல் மாதிரி புள்ளி போட்ட நான்ஸ்டிக் பூச்சு அது. நிஜக் கல்லில் சமைக்க ஆசைப்பட்டால் மாக்கல்லில் செதுக்கிய கல்சட்டி இருக்கிறது. அதையும் வடிகஞ்சி ஊற்றிப் பல நாள் பழக்கித்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும்.

முக்கியமா கவனிங்க: காரீயம்

உடலில் காரீயம் சேர்வதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடி குழந்தைகளுக்கு, ரத்தத்தில் காரீயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருக்கிறது. வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலே படிப்பும் கவனமும் பாதிக்கப்படும் என்பதுதான் இதில் பயமே.

பாத்திரத்தில் காரீயம் எங்கிருந்து வரும்? மூன்று இடங்கள்.

ஒன்று, இண்டாலியம் மற்றும் மட்டமான அலுமினியப் பாத்திரங்கள். பழைய உலோகக் கழிவுகளை எல்லாம் ஒன்றாக உருக்கி வார்க்கும்போது காரீயமும் கலந்துவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களில் இருந்து காரீயம் உணவில் இறங்குவதாகப் பொதுமக்களை எச்சரித்தது. சாதா அலுமினியத்தில் புளி, தக்காளி, மோர் சேர்த்துச் சமைப்பதும், சமைத்ததை அதிலேயே வைப்பதும் எப்படியும் நல்லதல்ல.

இரண்டு, ஈயச்சொம்பு. ரசத்துக்குப் பேர்போன ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்ய வேண்டியது. காரீயம் முற்றிலும் வேறு உலோகம், விஷம். பேரில் 'ஈயம்' என்று இருப்பதால் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. அதனால்தான் கலப்படம் நடக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 'வெள்ளீயம்' என்று எழுதிய பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், முக்கியமாக வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ இருந்தால், அதில் சமைக்காதீர்கள். இன்னொரு விஷயம், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் ஓட்டை விழும்.

மூன்று, பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உள்பூச்சு. இவற்றுக்கு உள்ளே ஈயம் பூசாமல் புளிப்பு சமைக்கவே கூடாது. பூசுபவர் பயன்படுத்துவது வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது. பொங்கல் பானைக்கும் இது பொருந்தும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்க

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியப் பாத்திரங்களுக்கு மத்திய அரசு 2024 மார்ச் 14 அன்று தரக்கட்டுப்பாட்டு உத்தரவு பிறப்பித்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஐ.எஸ். 14756, அலுமினியத்துக்கு ஐ.எஸ். 1660 என்பவை தர எண்கள். பிரஷர் குக்கருக்கான உத்தரவு 2020-லேயே வந்துவிட்டது. அதன் எண் ஐ.எஸ். 2347.

முத்திரைக்கு மேலே இந்த எண்ணும், கீழே 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பை இறக்கி அந்த உரிம எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்கள் என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். முக்கியமாகக் குக்கர் வாங்கும்போது இதை விடாதீர்கள். மட்டமான குக்கர் வெடித்தால் போவது பாத்திரம் மட்டுமல்ல.

சரி, 4 பேர் உள்ள வீட்டுக்கு என்னென்ன வேணும்?

செட்டாக வாங்காமல் தனித்தனியாக வாங்கினால் இவ்வளவு போதும்.

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குக்கர், 5 லிட்டர். எவர்சில்வர் என்றால் சாம்பாரும் அதிலேயே வைக்கலாம்.
2. சோறு வடிக்கவும் சாம்பாருக்கும் மூடியோடு அடி கனமான எவர்சில்வர் பாத்திரம், பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று.
3. பால் காய்ச்ச ஒரு சின்ன எவர்சில்வர் பாத்திரம்.
4. இரும்பு தோசைக்கல்.
5. பொரியல், வதக்கலுக்கு இரும்பு வாணலி.
6. புளிக்குழம்பு, மீன்குழம்புக்குப் பூச்சு இல்லாத மண்சட்டி.
7. ஊறுகாய், உப்பு, புளிக்கு பீங்கான் ஜாடி.

இட்லிப் பானை, தாளிப்புக் கரண்டி எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கையில் காசு குறைவு, எல்லாம் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்றால் முதலில் குக்கர், தோசைக்கல், ஒரு எவர்சில்வர் பாத்திரம். அடுத்த மாதம் மண்சட்டி. இந்த நான்கை வைத்தே ஒரு குடும்பத்துக்கு மூன்று வேளையும் சமைத்துவிடலாம்.

ஏற்கெனவே வீட்டில் அலுமினியப் பாத்திரம் இருந்தால் பதறி எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். நல்ல தரமான பாத்திரமாக இருந்தால் வெந்நீர் போட, மாவு ஆவியில் வேகவைக்க வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பான எதையும் அதில் சமைப்பதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். எங்கே வாங்கியது, எதில் வார்த்தது என்றே தெரியாத இண்டாலியம் பாத்திரம் என்றால் அதைச் சமையலறையை விட்டே எடுத்துவிடுவது நல்லது. அதில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுபவர்கள் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.